கடைசியாக என்ன சாப்பிட்டீக?

எங்கள் பக்கம் யாரை எங்கே பார்த்தாலும் முதலில் கேட்பது, "சாப்பிட்டீகளா?" பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கைகழுவ வருகிறவரிடமும் கேட்பார்கள். கேட்டவர் பதிலுக்கு நிற்பதில்லை. "ஆச்சு" என்று சொல்கிறவரும் தன் வயிற்றைக் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. நானும் காலமெல்லாம் அப்படியே சொல்லி வந்தவன். "என்ன சாப்பிட்டீக?" என்று அடுத்த கேள்வி போட்டு என்னை நிறுத்தியது ஒரே ஒரு ஆள்தான். டாக்டருக்குப் படிக்க வந்த ஒரு பெண்பிள்ளை.

விருதுநகர் பக்கம், கல்லூரியோடு சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியில் அப்போது எனக்கு வேலை. ஆபரேஷன் தியேட்டரில் டிராலி தள்ளுவேன். வார்டிலிருந்து நோயாளியைக் கொண்டுவந்து தியேட்டர் வாசலை ஒட்டிய சின்ன அறையில் விட வேண்டும். எல்லாம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். கூச்சமும் ஜாஸ்தி. டாக்டர்கள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது சூடாகிவிடும்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் காலையில் என்னிடம், "சாப்பிட்டீகளா அண்ணே?" என்றது.

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீக?"

வீட்டில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில் அப்படியே கிளம்பி வந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தது. தன் டப்பாவைத் திறந்து, இருந்த இட்லியில் பாதியை மூடியில் எடுத்து வைத்து நீட்டியது.

"உளுந்து கம்மி. கல்லு மாதிரித்தான் இருக்கும். எங்க அம்மா வேனைப் பிடிக்கிற அவசரத்துல ஊத்துனது. கடிச்சுக்கோங்க."

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வருவார்கள். மயக்க மருந்துப் பிரிவுக்கு வருகிறவர்களுக்குப் பெரிதாக வேலை எதுவும் இருக்காது. சுவரோரம் நிற்பார்கள். போனைப் பார்ப்பார்கள். மாஸ்க்கைப் பிடிக்க ஒரு தடவை கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் திருவிழா. நோயாளி வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாரா என்று விசாரிக்கிற வேலையை மட்டும் அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். மயங்கிக் கிடக்கிறவருக்கு வயிற்றில் உள்ளது மேலே ஏறி வந்தால் துப்பத் தெரியாது. அது நேரே நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் அந்த விசாரணை.

வந்த புதிதில் அந்தப் பிள்ளையும் எல்லோரையும் போலத்தான் விசாரித்தது. ஒரு அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்றது. "இல்லைங்க" என்று பதில் வந்தது. உள்ளே கொண்டுபோய் மயக்கம் கொடுத்ததும் அந்த அம்மாவின் வாயிலிருந்து காப்பி வந்தது. வெறும் வயிற்றோடு கத்திக்கு அனுப்ப மனசில்லாமல் கூட வந்த அக்காள் ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மா பல நாள் மூச்சு மெஷினில் கிடந்து, ஒருவழியாக எழுந்தார்.

தியேட்டரில் பெரிய மயக்க டாக்டர் என்று ஒருவர் இருந்தார். தலை நரைத்தவர். சத்தம் போட மாட்டார். அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"நீ என்னம்மா கேட்டே?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன் சார்."

"அது கேள்வியாம்மா? அது ரோட்ல பாத்தாக் கேக்குறது. ரோட்ல சொல்ற பதிலத்தான் அவங்களும் சொல்லியிருக்காங்க."

கூட நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். தரையில் கிடந்த காப்பியை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடிக்கும்வரை அந்தப் பிள்ளை அங்கேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அது கேட்ட விதமே வேறு.

மயக்கம் கொடுக்கிறவர்கள் தலைமாட்டில் நிற்பார்கள். படுத்திருக்கிறவருக்கு அவர்கள் முகம் தலைகீழாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளை பக்கவாட்டில் வந்து, முழங்காலை மடக்கி, டிராலி மட்டத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுவரும். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, எந்த ஊர், எந்தக் கம்பெனி, வேன் எங்கன வந்து நிற்கும் என்று ஆரம்பிக்கும். ஏழாயிரம்பண்ணை பக்கத்துப் பிள்ளை அது. அதன் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். அதுவும் பள்ளிக்கூட லீவில் சரம் பின்னியிருக்கிறது. விரல் நுனிகள் அந்த வயசுப் பிள்ளையின் விரல்போல இருக்காது.

எங்கள் பக்கத்தில் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. "கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்றால் "காலைல" என்பார்கள். எந்தக் காலை என்று கேட்டால் முழிப்பார்கள். அதுவே, "வேன் ஆரன் அடிக்கும்போது டப்பா கட்டியாச்சா? ஏறும்போது வாயில என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் முழு விவரமும் வந்துவிடும்.

"ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரிக் கேக்கக் கூடாதுண்ணே" என்று என்னிடம் சொல்லியிருக்கிறது. "அப்பிடிக் கேட்டா நம்ம மூஞ்சியப் பாத்து, எது நமக்குப் பிடிக்குமோ அதச் சொல்லுவாக."

ஒரு கிழவியிடம், "ஆச்சி, வாய் செவந்திருக்கே" என்றது.

"வெத்தலடி. அது சாப்பாடாக்கும்?"

"சாறை முழுங்குனீகளா, துப்புனீகளா?"

"நல்ல வெத்தலய எவடி துப்புவா?"

இன்னொரு நாள், விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற ஒரு பாய் வந்தார். ரம்ஜான் மாசம். முதலில் விசாரித்த பையன் சிரித்துக்கொண்டே வந்து, "இவருக்குப் பிரச்சினையே இல்ல, நோன்பு" என்று சொல்லி, வெறும் வயிறு என்று எழுதிவிட்டான். அந்தப் பிள்ளை போய் முழங்காலை மடக்கியது.

"பாய், விடியுமுன்ன சஹருக்கு என்ன?"

"பரோட்டாவும் சால்னாவும்மா. மேல ஒரு டம்ளர் பால்."

"ஏன் பாய் சொல்லலை?"

"நோன்பான்னு கேட்டாக, ஆமான்னேன். சஹர் சாப்பிடாம நோன்பு ஏது? எப்படியும் வயித்தக் காயப்போடச் சொல்லிட்டாக, அப்படியே நோன்பையும் வச்சிருவோம்னு வந்தேன்."

அன்றைக்கு அவரை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்கள். எல்லோரும் சிரித்தோம். பாயும் சிரித்தார். நர்ஸ்கள் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாட்டுப் போலீஸ் என்று பெயர் வைத்தார்கள். கூடப் படிக்கிற பையன்கள், "ஏலே, பந்தி விசாரிக்க ஆள் வந்தாச்சு, இலையப் போடுங்க" என்பார்கள். அது கண்டுகொள்ளாது. பெரிய டாக்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்று அது காத்திருந்தது எனக்குத் தெரியும். தன் நாட்கள் முடிந்து வேறு பிரிவுக்குப் போன பிறகும், அவரிடம் கேட்டுக்கொண்டு லீவு நாட்களில் வந்து நிற்கும். மயக்க டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்று அப்போதே அதற்கு இருந்தது.

இப்படிப்பட்ட சமயத்தில்தான் மாரிச்சாமி வந்தார்.

அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். பெட்டி தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது. தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைச் சில வாரம் பூட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம், வெள்ளையடிப்பு, ஆபரேஷன் எல்லாம் அந்த இடைவெளியில்தான். அவருக்கும் அப்படித்தான் நாள் கிடைத்திருந்தது. ஆபரேஷன் முடிந்தால் பல வாரம் பாரம் தூக்கக் கூடாது. அதனால் அந்த நாளை விட்டால் அவருக்கு வேறு நாள் கிடையாது.

நான் டிராலியைக் கொண்டுபோய் அறையில் விட்டேன். அந்தப் பிள்ளை வந்து முகத்துக்கு நேரே குனிந்தது.

"அண்ணாச்சி எந்த ஊரு?"

"ஏழாயிரம்பண்ணைக்கு மேக்க, தாயி."

"எங்க அம்மா அந்தப் பக்கந்தான் கம்பெனிக்கு வருது. எனக்கு ரெண்டு ஊரு தள்ளி."

"அட, நம்மூருப் பிள்ளையா நீ!" கையை எடுத்து அதன் தலையில் வைத்தார். ஊசி குத்தியிருந்த கை. "இதுக்குள்ள வந்ததுல இருந்து ஒரு பயலும் எனக்குப் புரியுற மாதிரிப் பேசலை. நீ கூடவே இரு தாயி."

"இருக்கேன். வீட்ல வயித்துக்கு நேந்துக்கிட்டாகளா?"

"நேராம இருப்பாளா? ராத்திரி நர்ஸம்மா கையில கால்ல விழுந்து ஊருக்குப் போனேன். விடியல்ல கோயில்ல படுக்கப்போட்டு, வயித்து மேல மாவிளக்கு எடுத்தா. பொழுது கிளம்ப மொத பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டோம்."

எங்கள் ஊர்ப் பக்கம் வயிற்றில் கோளாறு என்றால் மாரியம்மனுக்கு இப்படி நேர்ந்துகொள்வது உண்டு. பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டு, வயிற்றின்மேல் ஏற்றுவார்கள். இறக்கிய பிறகு அந்த மாவைப் படுத்தவர் வாயில் போட வேண்டும்.

"மாவு வாயில போட்டீகளா?" என்றது.

"பின்ன? என் வயித்துக்கு எடுத்ததை ஊரானா திம்பான்?" என்று சிரித்தார். அதுவும் சிரித்தது.

"எம்புட்டு?"

"ஒரு உருண்டை. ரெண்டுன்னு வச்சுக்கோயேன். வெல்லம் தூக்கலா இருந்துச்சு."

சிரிப்பு அதன் முகத்தில் நின்றுபோனது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அது சாப்பாடு இல்ல தாயி. சாமி மாவு."

"பச்சரிசிதான அண்ணாச்சி."

"நர்ஸம்மா சோறு தின்னீரான்னு கேட்டாக, இல்லன்னேன். நெசந்தான? உன்னப் பாக்கவும் என்னமோ எல்லாம் வாயில வந்துருச்சு." குரலைத் தாழ்த்தினார். "சொல்லிராத தாயி. இன்னிக்கு விட்டா கம்பெனி தொறந்துருவாக. பெறகு அடுத்த தீபாவளிதான் எனக்கு."

அந்தப் பிள்ளை அவர் நெஞ்சுவரை போர்வையை இழுத்துவிட்டது. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். அது எழுந்து நின்றது. பிறகு உள்ளே போனது.

கதவு சாத்தியிருக்கவில்லை. எனக்குக் கேட்டது. எத்தனை உருண்டை என்று பெரிய டாக்டர் கேட்டார். ஆபரேஷன் செய்கிற டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்தார். "மத்தியானம் வச்சுக்கலாமே சார்" என்று அந்தப் பிள்ளை இரண்டு தடவை கேட்டது. முதுகில் ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷன்தானே என்றது. ஊசி பிடிக்காவிட்டால் மயக்கம் கொடுக்க வேண்டி வரும் என்றார் பெரிய டாக்டர். மத்தியானம் தியேட்டரைக் கழுவி மூட வேண்டும் என்றார் மற்றவர். அடுத்த வாரம் முதல் கேஸ் இவர்தான் என்று முடிவானது.

"நல்லாக் கேட்டிருக்கேம்மா" என்றார் பெரிய டாக்டர். "இப்படித்தான் கேக்கணும்."

அது காத்திருந்த வார்த்தை. வெளியே வந்தபோது முகத்தில் அந்தச் சந்தோஷம் தெரியவில்லை. மறுபடி முழங்காலை மடக்கி மாரிச்சாமியிடம் அதுவே சொன்னது. அவர் கோபப்படவில்லை. புரியாதவர்போல அதன் முகத்தையே பார்த்தார்.

"நான் உங்கிட்டத்தான தாயி சொன்னேன்? டாக்டருககிட்டயா சொன்னேன்?"

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணாச்சி."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. அந்தப் பிள்ளை வாயில் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

டிராலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன். வராந்தாவில் அவர் மனைவி எழுந்து ஓடி வந்தாள். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

அடுத்த வாரம் சொன்னபடி வந்தார். இந்தத் தடவை ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. வந்ததும் நானே அவரைக் கொண்டுபோய் முதல் ஆளாக விட்டேன். அன்றைக்குப் பார்த்து, பூட்டாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பட்டாசுப் பட்டறையில் விபத்து. வெந்துபோனவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம்வரை தியேட்டரில் வேறு யாரும் நுழைய முடியவில்லை. எவரையும் குறை சொல்ல முடியாத நாள் அது. மாரிச்சாமி வார்டுக் கட்டிலில் பொழுது சாய்கிறவரை காய்ந்த வாயோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளை கீழே போய் டீயும் பன்னும் வாங்கி வந்து நீட்டியது.

"குடிக்கலாமா? இல்ல, இதையும் போய்ச் சொல்லிருவியா?" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அந்தப் பிள்ளை டீயை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

கம்பெனி திறந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனதாக அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது.

"ஆள் லோடுக்குப் போயிட்டாக அண்ணே. வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டுத் தூக்குறாகளாம். அந்த அக்கா வாசல்ல நிக்கவச்சே பேசுச்சு." பிறகு, "சாப்பிட்டியான்னுகூட கேக்கலை" என்றது.

அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மழை பொய்த்த ஒரு மாசத்தில், ஆர்டர் குவிந்து கம்பெனிகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, மாரிச்சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இறங்கிய குடல் மாட்டிக்கொண்டது. வயிறு பானை மாதிரி இருந்தது. முகம் சாம்பல். இரண்டு நாளாக வலியைப் பொறுத்துக்கொண்டு லோடு ஏற்றியிருக்கிறார். அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு. அந்தப் பிள்ளை தியேட்டரில் இருந்தது. ஓடி வந்து பக்கவாட்டில் குனிந்தது.

"அண்ணாச்சி, கடைசியா என்ன சாப்பிட்டீக?"

அவர் அதன் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல."

"தண்ணி? சோடா? கஞ்சி ஏதும்?"

"அதான் ஒண்ணும் இல்லன்னேனே."

வேனைப் பற்றிக் கேட்டது, வீட்டைப் பற்றிக் கேட்டது. ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. நான் கையெழுத்து வாங்க அவர் மனைவியிடம் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வர்ற வழியில கோலிச்சோடா குடிச்சாக. கொஞ்சம் கஞ்சியும் குடுத்தேன். அந்தப் பிள்ளகிட்ட மட்டும் சொல்லிராதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. நீங்க பெரிய டாக்டருகிட்டச் சொல்லிருங்கய்யா."

எனக்குப் பேச வராது. இருந்தாலும் உள்ளே போய்ச் சொன்னேன். பெரிய டாக்டர் வேலையை நிறுத்தாமல், "எப்படியும் நிறைஞ்ச வயிறுன்னு வச்சுத்தான் செய்யறோம். இந்த நிலைமையில யார் என்ன சொன்னாலும் ஒண்ணுதான்" என்றார். அவர் சொன்னது உண்மை. மாரிச்சாமி பொய் சொன்னதால் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி சொன்னதை அப்படியே சொல்லியிருந்தேன், சத்தியம் வாங்கியதையும் சேர்த்து.

மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வராமல் தொண்டையை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை அந்தப் பிள்ளைதான் செய்தது. குழாய் சரியாக இறங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மயக்கத்தில் ஒரு குறையும் இல்லை. குடல்தான் அழுகியிருந்தது. வெட்டி எடுத்துத் தைத்தார்கள். வார்டில் சில நாள் கிடந்தார். பிறகு அவரையும் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன், பிணவறைப் பக்கமாக.

அந்த வருஷம் மயக்க மருந்துப் பாடத்தில் அந்தப் பிள்ளைக்குப் பதக்கம். கல்லூரி விழாவுக்கு நாற்காலி போடவும் தண்ணீர் கொடுக்கவும் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய டாக்டர் பேசினார். பதக்கம் வாங்குகிற மாணவி எப்படிப்பட்டவர் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாவிளக்குக் கதையைச் சொன்னார். "சாமி மாவு" என்று அவர் சொன்னபோது பந்தலே சிரித்தது.

"இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததால் ஓர் ஏழைத் தொழிலாளி இன்று உயிரோடு இருக்கிறார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தப் பிள்ளை பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றது. ஏதாவது சொல்லும் என்று நினைத்தேன். மைக்கும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதன் அம்மா, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் புதுச் சேலையில் வந்திருந்தவள், பதக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்துக்கு முன்னால் யாரால்தான் என்ன சொல்ல முடியும்?

தண்ணீர்க் கேன் பக்கம் வந்தது. டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன்.

"சாப்பிட்டீகளா அண்ணே?" என்றது.

"ஆச்சு" என்றேன். காலையிலிருந்து நாற்காலி தூக்கியதில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுத்த கேள்விக்காக நின்றேன். அது டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டது.

பிறகு காண்டிராக்ட் கை மாறியது. எங்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. இப்போது நான் விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் இருக்கிறேன். அந்தப் பிள்ளை மேலே படித்து மயக்க டாக்டராகிவிட்டதென்றும், ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் அதற்கு நல்ல பேரென்றும் கேள்விப்பட்டேன். அதன் கையில் ஒரு உயிரும் போனதில்லை என்று சொல்வார்கள். நம்புகிறேன்.

போன மாசம் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுக்க வேண்டி வந்தது. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மயக்கம் கொடுக்க வருகிற டாக்டர் யார் என்று விசாரித்தால் அந்தப் பிள்ளைதான். எனக்கு இருந்த பயம் பாதி போய்விட்டது. மனைவியிடம் எல்லாக் கதையும் சொல்லியிருக்கிறேன். அவளும் மாவிளக்குக்கு நேர்ந்திருந்தாள். விடியலில் கோயிலில் படுத்து, வயிற்றின்மேல் எடுத்தாள். ஆனால் மாவை நாக்கில்கூட வைக்கவில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ள கேக்கும்ல? அப்ப இதக் காட்டிச் சொல்லணும்" என்றாள். "நான் திங்கல தாயி, உன் வாயால உத்தரவு குடுத்த பெறகுதான்னு."

கடைசியில் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்தாள். என்னையும் கூட நிற்க விட்டார்கள். டாக்டர் அம்மா வேகமாக உள்ளே வந்தார். கொஞ்சம் பெருத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? உங்க வீட்லயா? கவலைப்படாதீங்க."

என் மனைவி தலையைத் தூக்கினாள். அவர் குனியவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேன் மெஷினை இழுத்து, அவள் மேல்வயிற்றில் பசைபோல எதையோ தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தினார். திரையைப் பார்த்தார். பக்கவாட்டு முகம் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"டாக்டர், நான் ஒண்ணும்…" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"தெரியுதும்மா. வயிறு காலியா இருக்கு." கட்டையைத் துடைத்து மாட்டினார். என் பக்கம் திரும்பினார். "இப்பல்லாம் இதுலயே பாத்துக்கலாம்ணே. யாரும் நம்மகிட்ட எதுவும் சொல்ல வேண்டியதில்லை."

என் கையில் டப்பா இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நர்ஸிடம், "உள்ள எடுங்க" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் மனைவிக்கு நன்றாக நினைவு திரும்பியதும் முதலில் கேட்டது அதைத்தான்.

"ஏங்க, தெரிஞ்ச பிள்ளன்னீக. ஒரு வார்த்த கேக்கலியே?"

"மெஷின்ல பாத்துட்டாகள்ல."

"என்னத்தப் பாத்தாக?" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வாய்வழி கொடுக்கலாம் என்றார்கள். டப்பாவைத் திறந்தேன். வெயில் காலம். மாவு புளித்து, மேலே ஈரம் கட்டியிருந்தது. சாமிக்கு எடுத்ததைக் குப்பைக் கூடையில் போட முடியாது. அவளுக்குக் கொடுக்கவும் முடியாது. திரும்ப மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.